நிறுத்திப் போட்ட மோட்டார்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் போகிற மூன்றாவது தெருவில், என் தையல் கடைக்கும் ராமதாஸ் அண்ணனின் மாவு மில்லுக்கும் ஒரே சுவர். பதினாறு வருஷமாக அந்தச் சுவர் என் முதுகுக்குப் பின்னால் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கும்போதுகூட அது அதிர்கிற கணக்குக்கு என் கை ஆடிப் பழகிவிட்டது. கறுப்பு ஜாக்கெட் துணியை வெட்டி வைத்தால் போதும், அரை மணியில் அதன்மேல் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். "உங்க மாவை நீங்களே வச்சுக்குங்கண்ணா, என் துணிக்கு என்னாத்துக்குப் பவுடர் போடறீங்க?" என்று வாரத்துக்கு ஒரு தரம் சண்டைக்குப் போவேன். அவர் சிரிப்பார். பதினோரு மணிக்கு மூலைக் கடையிலிருந்து டீ வாங்கி வந்து அவருக்கும் ஒரு கிளாஸ் ஜன்னலில் வைப்பதும் நான்தான்.

அந்த டீயை அவர் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. காலை எட்டு மணிக்கு மோட்டாரைப் போட்டால் மதியம் ஒரு மணிவரை கையை எடுக்க மாட்டார். ஒருத்தியின் கோதுமை முடியும், அடுத்தவளின் கேவுரு, கேழ்வரகுதான், விழும், அதற்குப் பின்னால் மல்லியும் மிளகாயும் நிற்கும். நடுவில் நிறுத்தினால்தான் என்னவாம்? "ஓடுறத நிறுத்தக் கூடாதும்மா. நிறுத்தினா திரும்ப எழுந்துக்குமோ எழுந்துக்காதோ" என்பார். டீ ஆறி, மேலே மாவு மிதந்து, பிறகுதான் அது அவர் வாய்க்குப் போகும்.

இந்த மனுஷனின் மகள் மணிமொழிதான் கம்ப்யூட்டர் பரீட்சையில் கோட்டை விட்டாள்.

கோட்டை விட்டாள் என்று சொன்னால் சும்மா இல்லை. மணிமொழிக்கு இருபத்தேழு வயது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, மில்லுக்குப் பின்னால் இருக்கும் வீட்டு அறையில் உட்கார்ந்தபடியே, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு எழுதிப் பதில் சொல்கிற கான்ட்ராக்ட் வேலை. அதிலிருந்து ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் லினக்ஸ் என்கிற சமாச்சாரத்தில் ஒரு சர்டிபிகேட் வேண்டும். ஆயிரம் பேருடைய கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு பெரிய மிஷின் ஓடிக்கொண்டிருக்குமாம். அதை விழாமல் பார்த்துக்கொள்கிற வேலையாம் அது. கேள்வித்தாளில் டிக் அடிக்கிற பரீட்சை இல்லை. நிஜமாகவே ஒரு மிஷினைக் கையில் கொடுத்து, இருபது வேலையைச் சொல்லி, மூன்று மணி நேரத்தில் செய் என்பார்களாம்.

சித்திரையில் சென்னைக்குப் போய் எழுதினாள். "அப்பா, இருபதும் முடிச்சுட்டேன். எல்லாம் ஓடுச்சு. நானே என் கண்ணால பார்த்தேன்" என்று போன் செய்தாள். அவள் பஸ் விட்டு இறங்குவதற்குள் உண்ணாமலை அண்ணி, அவள் அம்மா, இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். நான் மூன்று தின்றேன். மறுநாள் காலையில் மெயில் வந்தது. முந்நூறுக்கு எழுபத்தாறு. இருநூற்றுப் பத்து வந்தால்தான் பாஸ்.

அப்புறம் ஒரு மாசம் அண்ணி தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. "இனிமே கையில காயிதம் வராம இந்த வூட்டுல இனிப்புப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். மணிமொழி அழவில்லை. முகத்தைத் தொங்கப் போடவும் இல்லை. "எங்கயோ ஒரு எடத்துல தப்பு பண்ணியிருக்கேன்க்கா. அது என்னான்னுதான் தெரியல. தெரிஞ்சா முடிஞ்சுது" என்றாள். அந்தத் தைரியத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

ஆனி மாசம் கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஜூலை முப்பத்தொன்றுக்குள் சர்டிபிகேட் வந்தால் பெரிய மிஷின் பார்க்கிற இடத்தில் நிரந்தர வேலை. வராவிட்டால் கான்ட்ராக்ட் அத்தோடு முடிந்தது. வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குள் இன்னும் ஒரே ஒரு தரம்தான் எழுதலாம்.

அவள் தப்பைக் கண்டுபிடித்தது என்னால்தான். இதை நான் பெருமையாகச் சொல்வேன், அவள் இல்லை என்று சொன்னாலும் சரி.

அவள் அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அதன் தலைமேல் 'யாரும் நிறுத்தாதீங்க' என்று எழுதி ஒட்டியிருந்தது. நாற்பத்தொரு நாளாக அது ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனாலும் இன்வர்ட்டரில் ஓடியது. ஒருநாள் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் மூன்று இஸ்திரி போடாமல் கிடந்தது. கலெக்டர் ஆபீஸ் அம்மா வந்து நிற்கப் போகிறாள். நான் நேராக மணிமொழி அறைக்குப் போய், அங்கே இருந்த பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகிவிட்டேன். இன்வர்ட்டர் கீச்சென்று கத்தியது. பிறகு விளக்கு, ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாமே போச்சு.

"அக்கா! இன்வர்ட்டர்ல இஸ்திரிப் பெட்டி போடுவாங்களா யாராச்சும்?"

"எனக்கு என்னாடி தெரியும்? பிளக்கு இருந்துச்சு, போட்டேன்."

"நாப்பத்தொரு நாளுக்கா! எல்லா வேலையும் அதுலதான் செஞ்சு வச்சிருந்தேன்!"

"திரும்பப் போட்டா வந்துடாதா?"

வருமா வராதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதை அவள் முகத்திலேயே பார்த்தேன். இன்வர்ட்டரைச் சரி செய்து கம்ப்யூட்டரைப் போட்டாள். எழுந்து வந்தது. ஆனால் அவள் செய்து வைத்திருந்த வேலைகளில் முக்கால்வாசி அதில் இல்லை. திறந்து வைத்த வழி மூடிக் கிடந்தது. ஓட வைத்த சர்வீஸ்கள் ஓடவில்லை. சேர்த்து வைத்த டிஸ்க் வட்டைக் காணோம். நான் வாசல் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டேன். அவள் பத்து நிமிஷம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாளே ஒரு சிரிப்பு!

"அக்கா, இதுதான். நான் ஃபெயிலானது இதுலதான்."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பரீட்சை முடிந்ததும் அவர்கள் நம் மிஷினை ஒரு தரம் நிறுத்தித் திரும்பப் போடுவார்களாம். திரும்ப எழுந்த பிறகு எது நிற்கிறதோ அதற்குத்தான் மார்க். ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தது ஓடுகிறவரைக்கும்தான் இருக்கும். நிலையாக இருக்க வேண்டுமென்றால் இன்னொரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதாம். இவள் படித்தும் இருக்கிறாள். ஆனால் ஒரு தரம்கூட நிறுத்திப் பார்த்ததில்லை.

"படிச்சவ, ஏன்டி நிறுத்திப் பார்க்கல?"

"கை வரலக்கா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் கை வரவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்.

அப்போது அவள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அப்படிப் போனால் கல்லுக்கு நடுவில் அரைபட்டதும் அரைபடாததுமாகத் தானியம் சிக்கிக்கொள்ளும். கல்லைத் திறந்து சுத்தமாக வழித்து எடுத்த பிறகுதான் திரும்ப மோட்டாரைப் போட வேண்டும். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கரண்ட் வந்ததும் இந்தப் பொண்ணு, அப்பாவுக்கு உதவி செய்கிறோம் என்று ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டாள். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. புகை வந்தது. உள்ளே இருந்த காயில் கம்பி மொத்தமும் கருகிப் போச்சு. பன்னிரண்டு நாள் மில் மூடிக் கிடந்தது. அண்ணன் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமே நீ இதைத் தொடாத தாயி" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அன்றிலிருந்து அவரும் ஓடுகிற மோட்டாரை நிறுத்துவதில்லை, இவளும் எதையும் நிறுத்துவதில்லை. பதினைந்து வருஷம்!

இஸ்திரிப் பெட்டி விஷயத்துக்குப் பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். தினமும் காலையில் இருபது வேலையையும் செய்வாள், நிறுத்துவாள், போடுவாள், எது நிற்கிறது என்று பார்ப்பாள். முதல் வாரம் நிறுத்துகிற பட்டனை அமுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அடுத்த வாரம் திறந்துகொண்டே அமுக்கினாள். மூன்றாவது வாரம் ஒரு கையால் அமுக்கிவிட்டு இன்னொரு கையால் இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"இந்தத் தபா எழுதினா பாஸுதான்க்கா" என்றாள்.

"போன தபாவும் இதையேதான் சொன்ன."

"போன தபா தெரியாம சொன்னேன். இப்ப தெரிஞ்சு சொல்றேன்."

சென்னையில் அந்த மாசத்தில் இடம் இல்லை. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் அதற்கு ஆயிரம் சட்டம். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. மேஜைமேல் ஒன்றும் இருக்கக் கூடாது. கேமரா வழியாக ஒருத்தர் மூன்று மணி நேரமும் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே பேச்சுச் சத்தம் கேட்டாலோ கேமரா ஆடினாலோ நிறுத்திவிடலாம். கிடைத்ததும் ஒரே ஒரு நாள்தான்: ஆடி மாசம் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து முதல் ஒரு மணி.

ஆடி சனிக்கிழமை என்றால் என்னவென்று மில்லுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தெருவுக்குத் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். முந்தின நாளே கேவுரு மாவைக் கரைத்து வைத்தால்தான் காலையில் புளித்திருக்கும். சனிக்கிழமை மில் வாசலில் டப்பாவும் பையும் தூக்குமாக வரிசை கலெக்டர் ஆபீஸ் சுவர்வரை போகும். வருஷத்திலேயே அன்றைக்குத்தான் அண்ணன் தண்ணீர் குடிக்கக்கூட நகர மாட்டார்.

வியாழக்கிழமை சாயந்தரம் மணிமொழி கேட்டாள். நான் மில் வாசலில் உட்கார்ந்து காஜா போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, சனிக்கிழமை பத்துல இருந்து ஒன்னு வரைக்கும் மோட்டாரை நிறுத்தணும்."

அண்ணன் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆடி சனிக்கிழமையா?"

"ஆமா. மில்லு ஓடினா மேஜை ஆடும், கேமராவும் ஆடும்."

"வேற எடத்துல எழுதக் கூடாதா? கிரிவலப் பாதைப் பக்கம் ரூமுங்க இருக்குது, ரமணாசிரமம் கிட்ட வெள்ளைக்காரங்களுக்கு வாடகைக்கு வுடறாங்களே."

"நெட்டு பாதியில போனா அதோட முடிஞ்சுதுப்பா. நம்ம வூட்டு லைன்ல நான் நாலு வருசமா வேலை பார்க்கறேன். எனக்கு இதுதான் நம்பிக்கை."

"நடுவுல நிறுத்தினது இல்லியே தாயி. எட்டு மணிக்குப் போட்டு பத்து மணிக்கு நிறுத்தி, சூட்டுல திரும்ப எழுந்துக்கலன்னா? மறுநாளு கூழு. ஊரே கேவுரத் தூக்கிக்கினு நிக்கும்."

"எழுந்துக்கும்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நிறுத்தறதால எதுவும் கெட்டுப் போவாது. உள்ள என்ன சிக்கியிருக்குன்னு பார்க்காம திரும்பப் போடறோம் பாரு, அதுலதான் கெட்டுப் போவுது. அன்னைக்கு நான் பார்க்காம போட்டேன். அதுக்கு ரெண்டு பேரும் பதினஞ்சு வருசமா பயந்துக்கினு இருக்கோம்."

அந்த விஷயத்தை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் பெல்ட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அண்ணிதான் குரல் கொடுத்தாள்.

"பொண்ணு வேலை பெருசா, ஊர்க்காரங்க கூழு பெருசா? அவங்க ஒரு மணிக்கு மேல அரைச்சுக்கினா மாரியாத்தா கோச்சிக்க மாட்டா. நிறுத்துய்யா!"

"நிறுத்தறேன்" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே மில்லைத் திறந்தார். ஒன்பதே முக்கால்வரை ஓட்டினார். பிறகு மேலே தானியம் விழுகிற வாயை அடைத்து, கல்லில் கிடந்தது முழுக்க மாவாகி வெளியே வருகிறவரை காத்திருந்து, பட்டனை அமுக்கினார். சுவர் அதிர்வது நின்றது. அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. என் தையல் மிஷினையும் மூடினேன்.

வரிசையில் இருபது பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேர் ஒரு மணிக்கு வருகிறோம் என்று போய்விட்டார்கள். மீதிப் பேர் என் கடைப் படியிலும் மில் வாசலிலும் குந்திக்கொண்டார்கள். எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். கதவுக்குப் பக்கத்தில் அண்ணி காவல். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் அண்ணன், அது தானாக ஓடிவிடப் போகிற மாதிரி.

பதினொன்றரை மணிக்கு சகாதேவன் வந்தார். மாரியம்மன் கோயில் கூழுக்குப் பொறுப்பு எடுத்துச் செய்கிறவர். லோடு ஆட்டோவில் இரண்டு மூட்டை கேவுரு. சாதாரணமாகப் பேசினாலே நாலு தெரு தாண்டிக் கேட்கும் தொண்டை.

"இன்னா ராமதாஸு, ஆடி மாசத்துல மில்ல மூடி வச்சிருக்..."

பத்துக் கை ஒன்றாக எழுந்தது. உஷ்ஷ்!

"பொண்ணு பரீட்சை எழுதுது" என்றார் அண்ணன் மெதுவாக.

"வூட்டுலயா?" சகாதேவனும் குரலைத் தாழ்த்தினார். அவர் குசுகுசுப்பு எங்கள் எல்லாருடைய பேச்சையும்விடப் பெரிதாக இருந்தது. "அரை மணி நேரம் போடுய்யா. அரைச்சு எடுத்துக்கினு போயிடறேன். அண்டாவுக்கு வெந்நி போட்டுட்டாங்க."

"ஒரு மணிக்கு."

"ஆத்தா காரியம்யா இது!"

"தெரியும். ஒரு மணிக்கு."

"நான் அவலூர்ப்பேட்டை ரோட்டு மில்லுக்கு எடுத்துக்கினு போயிடுவேன், ஆமா!"

"போங்க" என்றார் அண்ணன்.

இருபது வருஷ வாடிக்கையை அப்படிப் போகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சகாதேவனும் எதிர்பார்க்கவில்லை. மூட்டையைத் தூக்கப் போனார், பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த உடனே அவர் சட்டைப்பையிலிருந்து உடுக்கைச் சத்தம், பம்பைச் சத்தம், அம்மன் பாட்டு! அவருடைய போன். மனுஷனுக்கு அதை எப்படி அடக்குவதென்று தெரியவில்லை. மூட்டைக்கு அடியில் சொருகி அதன்மேல் முழு எடையோடு உட்கார்ந்துவிட்டார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அவருக்கும் ஒரு கிளாஸ் டீ வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்ததற்கு அவரே எழுந்துபோய் "பரீட்சை நடக்குதும்மா, அடுப்பைக் கம்மி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

உள்ளே நடந்ததை மணிமொழி பிற்பாடு சொன்னாள். பன்னிரண்டு இருபதுக்கெல்லாம் இருபது வேலையும் முடிந்துவிட்டது. போன தரம் இந்த இடத்தில்தான் எழுந்து வந்தாள். இந்தத் தரம் நிறுத்திப் போட்டாள். மிஷின் எழவில்லை! கறுப்புத் திரையில் நாலு வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. ஏழாவது படித்தபோது மோட்டார் உறுமிய சத்தம் காதில் கேட்டதாம். வேறு யாராக இருந்தாலும் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கியிருப்பார்கள். இவள் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, "கல்லுல என்ன சிக்கியிருக்கு, முதல்ல அதைப் பாரு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். உதட்டை அசைத்துவிட்டாள் போலிருக்கிறது; பேசாதே என்று கேமராக்காரர் எழுதி எச்சரித்தார். மிஷினை அவசர வழியில் திறந்து உள்ளே போனாள். ஒரு வட்டுக்கு வேறொரு வட்டின் அடையாளத்தை எழுதி வைத்திருந்தாள். மாற்றினாள். திரும்பப் போட்டாள். எழுந்தது. இருபதும் நின்றது. அதற்கு மேலும் இரண்டு தரம் நிறுத்தி, இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள்.

ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டோம். வியர்த்துப் போய், தலை கலைந்து, ஆனால் கண் மட்டும் பளபளவென்று வந்தாள்.

"பாஸா?" என்றார் சகாதேவன், முதல் ஆளாக.

"மெயில் நாளைக்குத்தான் வரும்ண்ணா."

அவள் நேராக அப்பாவிடம் போனாள். "நிறுத்திப் போட்டேன்ப்பா. முதல் தபா எழுந்துக்கல. உள்ள பார்த்துச் சரி பண்ணேன். அப்புறம் மூணு தபாவும் எழுந்து வந்துடுச்சு."

அண்ணன் ஸ்டார்ட்டரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார்.

"நீயே போடு தாயி" என்றார்.

மணிமொழி உடனே போய் அமுக்கிவிடவில்லை. கல் மூடியைக் கழற்றினாள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரலை வெளியே எடுத்து அப்பாவிடம் காட்டினாள். மெல்லிசாக மாவு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"காலியா?" என்றார் அண்ணன்.

"காலி."

மூடியை மாட்டினாள். பச்சைப் பட்டனை அமுக்கினாள். ஒரு நொடி உறுமல். அண்ணனின் கை தானாக முன்னால் நீண்டது. பிறகு பெல்ட் இழுத்தது, கல் சுற்றியது, என் கடைச் சுவர் அதிர ஆரம்பித்தது. மூன்று மணி நேரமாக அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி, யார் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. சகாதேவன் தன் முழுத் தொண்டையில் "முதல்ல ஆத்தா மூட்டை!" என்று கத்தினார். யாரும் உஷ் சொல்லவில்லை.

அண்ணி இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து என் கையில் வைத்தாள். "வினோதினி, ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டுக்குப் போயி ரெண்டு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கினு வா."

"காயிதம் வராம இனிப்புப் பேச்சே கூடாதுன்னீங்களே அண்ணி?"

"காயிதம் வரும்போது வரட்டும்டி. எம்பொண்ணு கையை வுட்டுப் பார்த்துட்டுத்தான் போட்டா, நீயும் பார்த்த இல்ல? போ!"

போனேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, மாரியம்மன் கோயிலில் வேப்பிலை கட்டிய அண்டா முன்னால் சொம்போடு நின்றுகொண்டிருந்தபோது அவள் போனில் மெயில் வந்தது. முந்நூறுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. சகாதேவன் அதை மைக்கில் அறிவித்தார். அதற்குள் ஜாங்கிரி தீர்ந்து போயிருந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போலப் பதினோரு மணிக்கு டீயைக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று முதுகுக்குப் பின்னால் சுவர் அதிர்வது நின்றது. கரண்ட் போச்சா என்று பார்த்தால் என் விளக்கு எரிகிறது. எட்டிப் பார்த்தேன். ராமதாஸ் அண்ணன் வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வரிசையில் நாலு பேர் டப்பாவோடு நின்றிருந்தார்கள். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் சட்டென்று எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னாம்மா இது, டீ இவ்ளோ சூடா இருக்குது?" என்றார்.